புல்லுன்னா அவ்ளோ இளக்காரமா?

நாமக்கல்னா முட்டை, லாரி. சேலம்னா மாம்பழம், ஸ்டீல் பிளான்ட். கரெக்ட்தான்! ஆனா, காலேஜ் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு அடிச்சுக்கிறீங்களே... அந்த ஜன்னலுக்கு வெளியே ரோட்டோரமா நிக்கிற ஒருத்தரோட பேர் தெரியுமா? கொழுக்கட்டைப் புல்! தாவரவியல்காரர்கள் வைத்த பேர் 'சென்க்ரஸ் சிலியாரிஸ்'.

அடையாளம் ரொம்ப ஈஸி. அருகம்புல் மாதிரி தரையில் ஓடிப் படராது. ஒரே இடத்தில் தூர் கட்டி, கொத்தாக நிற்கும். நல்ல மழை கிடைத்தால் இடுப்பு உயரம்கூட வரும். ஒல்லி இலை. நுனியில் குட்டி நரிவால் மாதிரி கதிர். அதைத் தொட்டுப் பாருங்க, பிரஷ் மாதிரி இருக்கும். விதையைச் சுற்றி இருக்கும் அந்த சுணைதான் அதோட பஸ் பாஸ்! ஆட்டு மயிரிலும் உங்க ஜீன்ஸிலும் ஒட்டிக்கிட்டு ஓசியில் ஊர் சுற்றும்.

நிஜ மேட்டர் மண்ணுக்குள்ளே இருக்கு. வேர் 2 மீட்டருக்கும் கீழே இறங்கும். தண்டின் அடிப்பகுதியில் உணவைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதனால் சித்திரை வெயிலில் மேலே சருகாகிப் போனாலும், ஒரு நல்ல மழை போதும், மறுபடி துளிர்த்துவிடும்.

இதை நம்பித்தான் இங்கே ஆடு, மாடு பிழைக்குது. காங்கேயம் பக்கத்து கொறங்காடுகளில் கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரம், தரையெல்லாம் இந்தப் புல். நம்ம மேச்சேரி ஆடும் இப்படி வறண்ட காட்டில் மேய்ந்து வளர்ந்த இனம்தான். அந்த ஆட்டுக்காகவே பொட்டனேரியில் 1978-ல் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்தார்கள்.

சரி, எல்லா ஊரிலும் இது நல்ல பிள்ளையா? இல்லை! மாட்டுத் தீவனமாக அமெரிக்காவுக்குப் போன இதே புல், அரிசோனா பாலைவனத்தில் காட்டுத்தனமாகப் பரவி, தீ பிடித்து, தீயையே பார்த்துப் பழகாத கள்ளிகளை எரிக்கிறது. 2005-ல் அங்கே களைச்செடிப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இங்கேயோ கதை தலைகீழ். மேய்ச்சல் காடு பிளாட் ஆகுது, மிச்ச இடத்தில் சீமைக் கருவேலம் ஏறுது.

அடுத்த என்.எஸ்.எஸ். கேம்ப்பில் 'சுத்தம் பண்றோம்'னு மண்வெட்டியைத் தூக்கும் முன் ஒரு நிமிஷம் குனிந்து பாருங்க. நரிவால் கதிர் தெரிந்தால் விட்டுடுங்க. மண்ணைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். விதை சேகரிக்க ஆசையா? பறித்த உடனே விதைத்தால் சரியா முளைக்காது. சில மாசம் காய வைத்துவிட்டு, மழைக்கு முன்னால் தூவுங்க!