உயிர் காக்கும் இரு வழிகள்

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிக்கின்றன. உடலுக்கு வேண்டியவை மீண்டும் குருதியில் சேர்கின்றன. எஞ்சிய ஒன்றிரண்டு லிட்டர் சிறுநீராக வெளியேறுகிறது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் நெடுங்காலம் கட்டுப்படாதிருந்தால் இவ்வடிகட்டிகள் சிறிது சிறிதாகப் பழுதடையும். அவை செயலிழந்தபின் உயிர் வாழ மாற்றுச் சிறுநீரகம் பொருத்த வேண்டும். அல்லது குருதியைச் செயற்கையாகத் தூய்மை செய்ய வேண்டும். இத்தூய்மிப்பே 'டயாலிசிஸ்' ஆகும்.

நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் கோல்ஃப் 1943இல் செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கினார். முதலில் சிகிச்சை பெற்றோருள் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. எனினும், அவர் முயற்சியைக் கைவிடவில்லை. 1945இல் நினைவிழந்து கிடந்த 67 வயது மூதாட்டி ஒருவர் அக்கருவியால் உயிர் பிழைத்தார்.

இன்று இரு முறைகள் வழக்கில் உள்ளன. முதலாவது குருதிவழி டயாலிசிஸ். கையிலுள்ள தமனியையும் சிரையையும் இணைத்து, அவ்விடத்திலிருந்து குருதியை இயந்திரத்திற்குள் செலுத்தித் தூய்மை செய்வர். பொதுவாக வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணிநேரம் ஆகும். இரண்டாவது வயிற்றுவழி டயாலிசிஸ். வயிற்றின் உட்சவ்வே இங்கு வடிகட்டி. குழாய் வழியே சுமார் இரண்டு லிட்டர் கரைசலை உட்செலுத்திச் சில மணிநேரம் கழித்து வெளியேற்றுவர். இதனை நாள்தோறும் மூன்று அல்லது நான்கு முறை வீட்டிலேயே செய்யலாம்.

சித்தூரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அத்தொலைவில் வாழும் ஒருவர் வாரம் மும்முறை சென்று திரும்பினால் 420 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். கூலி வேலையும் தடைப்படும். அத்தகையோர்க்கு வயிற்றுவழி முறை துணையாகும். திருப்பதியிலுள்ள ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிறுவனம் இரு முறைகளையும் அளிக்கிறது. மாவட்ட மருத்துவமனைகளில் வறியோர்க்குக் கட்டணமின்றி டயாலிசிஸ் அளிக்கும் தேசியத் திட்டத்தை நடுவண் அரசு 2016இல் தொடங்கியது.

எம்முறை வாழ்நாளை மிகுதியாக நீட்டும்? அனைவர்க்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. வயது, இதயநலம், நீரிழிவு, ஊட்டம் ஆகியவற்றைப் பொறுத்தே அது அமையும். ஆனால், ஒன்று உறுதி: ஒழுங்கு தவறினால் உயிருக்கு இடராகும். குருதிவழி முறையை ஒருமுறை தவறவிட்டாலும் உடலில் நீரும் பொட்டாசியமும் பெருகி இதயத்தைத் தாக்கும். இதனால், பிறர்க்கு நலம் தரும் இளநீர்கூட இந்நோயாளிக்குத் தீங்காகலாம். வயிற்றுவழி முறையில் கைத்தூய்மை தவறினால் வயிற்றுள் கிருமித்தொற்று உண்டாகும். ஆகவே, இயந்திரமும் கரைசலும் மட்டும் உயிரைக் காப்பதில்லை; நாள் தவறாமை, தூய்மை, உணவுக் கட்டுப்பாடு, குடும்பத்தாரின் துணை ஆகியவையும் சேர்ந்தே காக்கின்றன.

பயிற்சி

1. கோடிட்ட இடத்தை நிரப்புக: வயிற்றுவழி முறையில் வடிகட்டியாகப் பயன்படுவது ______.
2. பிரித்து எழுதுக: நுண்வடிகட்டி, கைத்தூய்மை.
3. தொலைவில் வாழ்வோர்க்கு வயிற்றுவழி முறை எவ்வாறு துணையாகிறது? இரண்டு தொடர்களில் விடை எழுதுக.