கப்பல் விருந்தில் உணவின் சூடு

உல்லாசக் கப்பல்களிலே உணவு வகைகள் நீண்ட மேசைகளில் வைக்கப்பட்டிருக்கும். பயணிகள் வரிசையாய்ச் சென்று வேண்டியதைப் பெற்றுக்கொள்வர். பெறும்போது ஆவி பறந்த கறி, இருக்கையில் அமர்வதற்குள் ஆறிவிடுவது ஏன்?

மேசையிலுள்ள பாத்திரத்தின் அடியில் வெந்நீர் இருக்கிறது. அதன் ஆவி உணவின் சூட்டைக் காக்கிறது. பயணியின் தட்டுக்கோ அத்துணை இல்லை. குளிர்ந்த பீங்கான் உணவின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. பரந்து கிடக்கும் உணவிலிருந்து காற்றும் வெப்பத்தைக் கவர்கிறது. ஆகவே, குளிர்ந்த பதார்த்தங்களை முதலில் உண்டு, சூடானவற்றைப் பின்னர், இளஞ்சூடான வேறு தட்டில், சிறிது சிறிதாகப் பெறுதல் நன்று.

சூடு சுவைக்கு மாத்திரம் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1975 இல் தொடங்கப்பெற்ற கப்பற் சுகாதாரத் திட்டம், சூடாக வைத்திருக்கும் உணவின் வெப்பநிலை 57 பாகை செல்சியசுக்குக் குறையலாகாது என்கிறது. சமைத்த பின்னும் சாகாத கிருமி வித்துக்கள் சில உண்டு. உணவு நெடுநேரம் வெதுவெதுப்பாய்க் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் அதனால் விளையும் கேடு பெரிது.

ஆதலால், வெதுவெதுப்பாய்க் கிடக்கும் பாத்திரத்தைக் கடந்து செல்வது அறிவு. அதனைப் பணியாளருக்கு உணர்த்துவது, பின்னால் வருவோருக்குச் செய்யும் உதவி.