மாதம் 17,500 ரூபாய்க்குப் புதுக் கார்! எடுக்கலாமா, விடலாமா?

ஹனூர் பஸ் நிலையம் அருகே உள்ள டீக்கடையில் போன மாதம் ஒரு நண்பரைச் சந்தித்தேன். மைசூரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் குமாஸ்தா. வீட்டில் பேசுவது தமிழ். ஹனூரை அடுத்த கிராமத்தில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம். 1956-ல் மாநில எல்லைகள் மாறும் வரை கொள்ளேகால் தாலுகா முழுவதும் கோவை மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டம். 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். குடும்பம் இடம் மாறவே இல்லை. மாவட்டம்தான் மாறிக்கொண்டே இருந்தது!

டீ வருவதற்குள் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"அண்ணா, லட்சக்கணக்கில் முன்பணம் வேண்டாமாம். 40 ஆயிரம் டெபாசிட். மாதம் 17,500 ரூபாய். புத்தம் புதுக் காரை மூன்று வருஷம் ஓட்டலாமாம். இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நல்ல பேரமா, பார்த்துச் சொல்லுங்கள்."

அவருக்குக் கார் ஆசை வந்தது ஆடம்பரத்தால் அல்ல. தகப்பனாரை மாதம் இரண்டு முறை மைசூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். போக சுமார் 90 கிலோமீட்டர், வர 90. பஸ்ஸில் பெரியவரால் உட்கார முடியவில்லை. வங்கியில் 2 லட்சம் ரூபாய் இருக்கிறது. ஆனால் அது தங்கை கல்யாணத்துக்கு என்று ஒதுக்கிய பணம். கைக்கு வரும் சம்பளம் 42 ஆயிரம்.

வீட்டு லீஸ் வேறு, கார் லீஸ் வேறு

பெங்களூரிலும் மைசூரிலும் குடியிருக்கும் நம்மவர்களுக்கு லீஸ் என்றால் வீட்டு லீஸ்தான் நினைவுக்கு வரும். சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருக்கலாம். காலி செய்யும்போது கொடுத்த பணம் அப்படியே திரும்பி வரும். தமிழ்நாட்டில் இதையே ஒத்தி, போக்கியம் என்பார்கள்.

கார் லீஸ் அப்படி அல்ல. அது சுத்தமான வாடகை. மூன்று வருடம் பணம் கட்டிய பிறகு காரும் கம்பெனிக்கு, கட்டிய பணமும் கம்பெனிக்கு. டெபாசிட் மட்டும் திரும்பும். அதிலும் கீறல், நசுங்கல் என்று பிடித்தம் செய்துகொள்ள ஒப்பந்தத்தில் இடம் இருக்கும். ஒரே சொல் இரண்டு விஷயத்துக்கும் வழங்குவதால் படித்தவர்களே குழம்பிப் போகிறார்கள்.

இந்த வியாபாரம் நம் நாட்டில் வேரூன்றியதே சென்னையில்தான். இந்தியாவின் முதல் லீசிங் கம்பெனி 1973-ல் அங்கே தொடங்கப்பட்டது. அதன் பெயரே 'பர்ஸ்ட் லீசிங் கம்பெனி ஆப் இந்தியா'. நாற்பது ஆண்டு நடந்த அந்தக் கம்பெனி, கணக்கில் முறைகேடு வெளிப்பட்டு, 2013-ல் ரிசர்வ் வங்கியின் தடைக்கு ஆளாகிச் சரிந்தது. டெபாசிட் வாங்கும் கம்பெனி எது, எத்தனை வருடமாக நடக்கிறது என்று விசாரிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

காகிதத்தில் இருந்த சின்ன எழுத்து

கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தின் அடிப்பகுதியைப் படித்தேன். முதல் வரி: "ஜி.எஸ்.டி. தனி".

காருக்கு என்ன ஜி.எஸ்.டி. விகிதமோ, கார் வாடகைக்கும் அதே விகிதம். சிறிய பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீதமும் செஸ்ஸும் இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. 17,500-க்கு 18 சதவீதம் என்றால் 3,150 ரூபாய். ஆக மாத வாடகை 17,500 அல்ல, 20,650. முப்பத்தாறு மாதத்துக்கு 7 லட்சத்து 43 ஆயிரத்து 400.

அடுத்த வரி: "ஆண்டுக்கு 12 ஆயிரம் கிலோமீட்டர். அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 8 ரூபாய்".

"வாராவாரம் ஊருக்கு வருவாயா, தம்பி?" என்று கேட்டேன்.

"கார் இருந்தால் வராமல் இருப்பேனா, அண்ணா?"

வாரம் 180 கிலோமீட்டர் என்றால் வருடத்துக்கு 9,360. மைசூரில் வேலைக்குப் போய்வர தினம் 20 கிலோமீட்டர். மாதம் 25 நாள். அது ஒரு 6 ஆயிரம். மொத்தம் 15,360. வரம்பைத் தாண்டியது 3,360. அதற்கு அபராதம் வருடம் 26,880. மூன்று வருடத்துக்கு 80,640. மாதேஸ்வரன் மலைக்கு ஒரு நடை, மேட்டூருக்கு ஒரு நடை என்பதை நான் சேர்க்கவே இல்லை.

வாடகையும் அபராதமும் சேர்த்து 8 லட்சத்து 24 ஆயிரத்து 40 ரூபாய். அந்தக் காரை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் கட்டி ரோட்டில் இறக்க என்ன விலை தெரியுமா? அவர் விசாரித்த வகையில் 8 லட்சம்!

நண்பர் டீயை ஆற வைத்துவிட்டார்.

அதே காரை வாங்கினால்?

விலையைக் கேட்டதும் அவசரப்பட்டு லீஸ் மோசம் என்று முடிவு கட்டக் கூடாது. வாங்கினாலும் வட்டி உண்டு, பழுது உண்டு. ஆகவே அதையும் கணக்குப் போட்டோம்.

8 லட்சத்தில் 1 லட்சத்து 60 ஆயிரம் கையிலிருந்து போட்டு, மீதி 6 லட்சத்து 40 ஆயிரத்தை 9.5 சதவீத வட்டிக்கு ஐந்து வருடக் கடனாக வாங்கினால், மாதத் தவணை சுமார் 13,440. மூன்று வருடத்தில் கட்டுவது 4,83,840. இரண்டாம், மூன்றாம் வருட இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாமாக 60 ஆயிரம் என்று வைத்தோம். முன்பணத்தையும் சேர்த்தால் கையை விட்டுப் போனது 7,03,840.

மூன்று வருடம் கழித்துக் காரை 4 லட்சத்துக்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது கடன் பாக்கி ஏறத்தாழ 2,92,700. அதை அடைத்தால் கையில் 1,07,300 மிஞ்சும். அதைக் கழித்தால் உண்மைச் செலவு 5,96,540 ரூபாய்.

முன்பணத்தை வங்கியில் போட்டிருந்தால் 30 ஆயிரத்துக்கு மேல் வட்டி வந்திருக்குமே என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதையும் செலவில் சேர்த்தாலும் வாடகைக் காரைவிடச் சுமார் 2 லட்சம் மிச்சம்.

கடன் வாங்கும் இடத்திலும் ஒரு பள்ளம் உண்டு. "வெறும் 6 சதவீதம்" என்று சில தரகர்கள் சொல்வார்கள். அசல் குறையக் குறைய வட்டி குறையாது. முழுத் தொகைக்கும் ஐந்து வருடமும் 6 சதவீதம். 6,40,000-க்கு வட்டி 1,92,000, தவணை 13,867. மேலே சொன்ன 9.5 சதவீதத் தவணையைவிட இது அதிகம்! 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்களுக்கு, எல்லாக் கட்டணமும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டியைக் காட்டும் விவரத் தாளை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்டு வாங்குங்கள். வாடகைக்கு அப்படி ஒரு தாள் கிடையாது. காரின் விலை என்ன, மூன்று வருடம் கழித்து அதற்கு என்ன மதிப்புப் போட்டிருக்கிறார்கள் என்று நாமேதான் கேட்க வேண்டும். சொல்ல மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம் என்பது என் கருத்து.

லீஸ் யாருக்குத்தான் சரி? இரண்டு மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போகிறவர்களுக்கு. கம்பெனியே லீஸ் எடுத்துக் கொடுத்து அதனால் வருமான வரி குறைகிறவர்களுக்கு. மின்சாரக் கார் வேண்டும், ஆனால் பழசானால் என்ன விலை போகுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு. விலை விழுந்தால் நஷ்டம் கம்பெனிக்கு. அந்த வசதிக்கு ஒரு விலை கொடுக்கலாம்.

இன்னொன்று. பாலாறு வழியாக ஒரு எட்டில் தமிழ்நாடு வந்துவிடுவதால், தமிழ்நாட்டுப் பதிவெண் காரை மலிவாக எடுத்து இங்கே ஓட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 12 மாதத்துக்கு மேல் கர்நாடகத்தில் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். வரியும் கட்ட வேண்டும்.

பெட்ரோல் கணக்கு

கடைசியாக, அவர் நினைத்தே பார்க்காத கணக்கு. வருடம் 15 ஆயிரம் கிலோமீட்டருக்குப் பெட்ரோல் மாதம் 7 ஆயிரத்துக்குக் குறையாது. வாடகையும் பெட்ரோலும் 27,650. சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு காருக்கே போய்விடும். கடனில் வாங்கினாலும் தவணை, பெட்ரோல், பராமரிப்பு என்று மாதம் 22 ஆயிரம். தங்கை கல்யாணப் பணத்திலும் கை வைக்க வேண்டும். நடுவில் வேலை போனால் காரை விற்றுக் கடனை அடைக்கலாம். லீஸில் அதுவும் முடியாது. முன்கூட்டித் திருப்பிக் கொடுத்தால் மூன்று மாத வாடகை அபராதம் என்று காகிதத்தின் பின்பக்கம் போட்டிருந்தது.

"ஊரிலிருந்து மைசூர் ஆஸ்பத்திரி போய்வர டாக்சிக்கு என்ன கேட்கிறார்கள்?"

"காத்திருந்து கூட்டிவர 4,500 கேட்கிறார்கள், அண்ணா."

"மாதம் இரண்டு நடைக்கு?"

"ஒன்பதாயிரம்."

அவர் காகிதத்தைத் திருப்பி வைத்து, அதன் பின்பக்கத்தில் 9,000 என்று எழுதி, முப்பத்தாறால் பெருக்கினார். 3,24,000 வந்தது. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனாலும், அப்பாவை நம்ம காரிலேயே ஏற்றிப் போகணும்னு ஒரு ஆசை" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. கொள்ளேகால் பஸ் வந்து நின்றது. டீக்காசை அவரே கொடுத்துவிட்டு, டாக்சிக்காரரின் நம்பரைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடிப்போய் ஏறினார்.