உங்களுக்குத் தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத தங்கம்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கார்லின் என்ற சிற்றூருக்கு அருகே கிடைக்கும் தங்கத் தாது, பார்வைக்கு வெறும் சாம்பல் நிறக் கல். தட்டில் போட்டு நீரில் அலசினாலும் ஒரு பொட்டுத் தங்கம் தங்காது. பழைய காலத்துத் தங்க வேட்டைக்காரர்கள் இதைக் கண்டுகொள்ளாததில் வியப்பென்ன?

1960-இல் அரசுப் புவியியலாளர் ரால்ஃப் ராபர்ட்ஸ், அப்பகுதிச் சுரங்கங்கள் வரிசைகட்டி அமைந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். அங்கே பழம்பாறை அடுக்கு ஒன்று நெடுந்தூரம் நகர்ந்துவந்து சுண்ணாம்புப் பாறைமேல் மூடிபோல ஏறிக்கிடக்கிறது. மூடி அரிக்கப்பட்டு அடிப்பாறை எட்டிப்பார்க்கும் இடங்களில் தேடலாம் என்றார். நியூமான்ட் நிறுவனத்தின் ஜான் லிவர்மோரும் ஆலன் கூப்பும் 1961-இல் அதைப் பிடித்துக்கொண்டு களமிறங்கினார்கள். 1965-இல் கார்லின் சுரங்கத்தில் உற்பத்தி தொடங்கிவிட்டது.

நடந்தது இதுதான்: ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன், கந்தகம் கலந்த வெந்நீர் தங்கத்தைச் சுமந்தபடி நிலப்பிளவுகள் வழியே மேலேறியது. மூடி வழிமறிக்க, சுண்ணாம்புப் பாறைக்குள் பரவி அதை அரித்தது. அங்கிருந்த இரும்பு கந்தகத்தை இழுத்துக்கொண்டு பைரைட்டாக மாற, கரைந்திருந்த தங்கம் அதற்குள்ளேயே சிக்கியது. தங்கமென்று எத்தனையோ பேரை ஏமாற்றிய அதே பைரைட்!

இன்றும் இவ்வகைத் தாதுவைத் தேடுவோர் தங்கத்தை மட்டும் சோதிப்பதில்லை. அதே வெந்நீர் கொண்டுவந்த ஆர்சனிக், ஆன்டிமனி, பாதரசம், தாலியம் ஆகியவை மண்ணிலும் பாறையிலும் கூடுதலாக இருந்தால் அங்கே துளையிட்டுப் பார்க்கிறார்கள்.