அச்சு சரியா இருந்தா ஏபிஐயும் சரியா வரும்!



மினி ப்ராஜெக்ட் ரிவ்யூ நெருங்கும்போது லேப்ல ஒரே காட்சியை எல்லா வருஷமும் பார்க்கலாம். லைப்ரரி மேனேஜ்மென்ட், ஹாஸ்டல் மேனேஜ்மென்ட், ஸ்டாக் மேனேஜ்மென்ட் என்று டைட்டில் மட்டும் மாறும். உள்ளே போய்ப் பார்த்தால் எல்லா டீமும் எழுதுவது அதே நாலு வேலைதான்: புதுப் பதிவைச் சேர், பதிவைக் காட்டு, திருத்து, நீக்கு. ஒவ்வொரு டேபிளுக்கும் இதையே திரும்பத் திரும்ப எழுதி மூணு நாள் தூக்கத்தைத் தொலைக்கிறோம்.

நம்ம விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் யாரும் இப்படி வேலை பார்ப்பதில்லை. ஆயிரம் பொம்மை வேணும்னா ஆயிரம் தடவை கையால் செதுக்க மாட்டார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஒரு அச்சு செய்வார்கள். கரைத்த களிமண் கூழை அதில் ஊற்றினால் பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் களிமண் சுவர் போலப் படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் பொம்மை ரெடி. வடிவத்தை ஒரே ஒரு தடவை யோசித்தால் போதும்.

கான்ஃபிகரேஷன் வழியாக ஏபிஐ கட்டுவதும் கிட்டத்தட்ட இதேதான்.

ஏபிஐ: ஒரு நிமிஷ ரிவிஷன்

மொபைல் ஆப், வெப்சைட், பில் போடும் கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் ஒரே டேட்டா வேணும். ஆனால் யாரும் நேராக டேட்டாபேஸுக்குள் கை விடக் கூடாது. நடுவில் ஒரு கவுன்டர் இருக்கும். அதுதான் வெப் ஏபிஐ. கெட் என்று கேட்டால் பதிவைக் காட்டும், போஸ்ட் என்றால் புதுசா சேர்க்கும், புட் என்றால் திருத்தும், டெலீட் என்றால் நீக்கும். பதில் பெரும்பாலும் ஜேசன் வடிவத்தில் வரும்.

ஃப்ளாஸ்க், எக்ஸ்பிரஸ் மாதிரி ஃப்ரேம்வொர்க்கில் இந்த நாலு கவுன்டரையும் நாமேதான் கட்டணும். கான்ஃபிகரேஷன் முறையில் "என் டேட்டா இப்படி இருக்கும், இன்னார் இதைப் பார்க்கலாம்" என்று அறிவித்தால் போதும். கவுன்டரை ஃப்ரேம்வொர்க்கே கட்டிக் கொடுக்கும்.

மும்பையில் பிறந்த ஃப்ரப்பே

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் ஃப்ரப்பே ஃப்ரேம்வொர்க். ருஷப் மேத்தா என்ற இன்ஜினியர் தன் குடும்பத்தின் மரச்சாமான் தொழிலுக்கு ஒரு இஆர்பி சாஃப்ட்வேர் வேணும் என்று இறங்கியதில் இருந்து இந்தக் கதை தொடங்குகிறது. 2008-ல் மும்பையில் நிறுவனம் ஆரம்பமானது. அவர்கள் கட்டிய சாஃப்ட்வேர்தான் இஆர்பிநெக்ஸ்ட். அதற்கு அடித்தளம் ஃப்ரப்பே. பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், மரியாடிபி மேல் ஓடுகிறது. ஓப்பன் சோர்ஸ், எம்ஐடி லைசென்ஸ். நாமும் இலவசமா எடுத்து ஓட்டிப் பார்க்கலாம்.

ஃப்ரப்பேயில் அச்சுக்குப் பெயர் டாக்டைப். ஒரு டாக்டைப்பில் என்னென்ன ஃபீல்டு, ஒவ்வொன்றும் எந்த வகை, எது கட்டாயம், எந்த ரோலுக்கு என்ன அனுமதி எல்லாம் இருக்கும். டெவலப்பர் மோடில் இதைச் சேமித்தால் உங்கள் ஆப் ஃபோல்டரில் ஒரு ஜேசன் ஃபைலாக விழும். அதை கிட்டில் கமிட் பண்ணிவிடலாம். இன்னொரு மெஷினில் மைக்ரேட் கமாண்டை ஓட்டினால் அங்கேயும் அதே டேபிள் உருவாகும்.

ஒரு பட்டறையை எடுத்துக்குவோம்

நல்லூர்ப் பக்கம் அகல் விளக்கு செய்யும் ஒரு சின்னப் பட்டறை இருக்குனு வச்சுக்குவோம். ஒவ்வொரு தடவை சூளை ஏற்றும்போதும் ஓனர் நோட்டில் குறிக்கிறார்: தேதி, என்ன பொருள், எத்தனை ஏற்றினோம், எத்தனை உடைந்தது, வேலை பார்த்தவருக்குக் கூலி எவ்வளவு.

இதை "கில்ன் பேட்ச்" என்று ஒரு டாக்டைப் ஆக்குவோம். டாக்டைப் பெயரையும் ஃபீல்டு பெயரையும் ஆங்கிலத்தில் வையுங்க. திரையில் தெரியும் லேபிளைத் தமிழில் கொடுத்துக்கலாம்.

- தேதி: டேட் வகை, கட்டாயம்
- பொருள்: லிங்க் வகை. "பொருள்" என்ற இன்னொரு டாக்டைப்பில் இருப்பதை மட்டுமே தேர்வு செய்ய முடியும்
- ஏற்றியது: இன்ட் வகை, கட்டாயம்
- உடைந்தது: இன்ட் வகை
- கூலி: கரன்சி வகை, பெர்மிஷன் லெவல் 1

சேவ் பண்ணின உடனே டேபிள் வந்துடும், டேட்டா என்ட்ரி ஃபார்ம் வந்துடும், ஏபிஐயும் வந்துடும். சைட் முகவரிக்குப் பின்னால் ஏபிஐ, ரிசோர்ஸ், டாக்டைப் பெயர் என்று ஸ்லாஷ் போட்டு எழுதினால் அதுதான் உங்கள் கவுன்டர். அதன் பின்னால் பதிவின் பெயரையும் சேர்த்தால் அந்த ஒரு பதிவு மட்டும் கிடைக்கும். ரிக்வெஸ்ட் ஹெடரில் ஏபிஐ கீ, சீக்ரெட் இரண்டையும் டோக்கனாக அனுப்பணும். நீங்க இதுவரை ஒரு வரி பைத்தான் கூட எழுதவில்லை!

தேதி இல்லாமல் போஸ்ட் பண்ணினால் 417 என்று எர்ரர் வரும். முதல் தடவை பார்க்கிறவங்க சர்வர் போச்சுனு பதறுவாங்க. அது சும்மா வேலிடேஷன் எர்ரர்தான். கூடவே வரும் மெசேஜைப் படிங்க. 403 வந்தால் அனுமதி இல்லை என்று அர்த்தம்.

அச்சுக்குள் அடங்காதது

அச்சிலிருந்து எடுத்த பொம்மையை அப்படியே சூளையில் வைக்க முடியாது. இரண்டு பாதி அச்சும் சேரும் இடத்தில் ஒரு தையல் கோடு இருக்கும். அதைக் கையால்தான் சீவணும்.

இங்கேயும் அப்படித்தான். "உடைந்தது, ஏற்றியதை விட அதிகமா இருக்கக் கூடாது" என்ற விதி இரண்டு ஃபீல்டுகளை ஒப்பிடுகிறது. ஃபீல்டு வகையில் இதைச் சொல்ல முடியாது. டாக்டைப்போடு சேர்ந்து வரும் பைத்தான் கிளாஸில் வேலிடேட் என்று ஒரு மெத்தட் எழுதி, தப்பா இருந்தால் த்ரோ பண்ணணும். இரண்டே வரி. ஃபார்ம் வழியா வந்தாலும் ஏபிஐ வழியா வந்தாலும் இந்த விதி ஓடும்.

"இந்த மாசம் உடைந்தது எத்தனை சதவீதம்?" என்பது போன்ற தனிக் கேள்விக்கு ஒரு பைத்தான் ஃபங்ஷன் எழுதி, மேலே ஒயிட்லிஸ்ட் டெகரேட்டர் போடணும். போட்டால்தான் வெளியிலிருந்து அதைக் கூப்பிட முடியும்.

கவனம்: இங்கேதான் எல்லாரும் விழுவோம்

அச்சில் ஒரு கீறல் இருந்தால் அது ஒரு பொம்மையோடு போகாது, எல்லாப் பொம்மையிலும் விழும். கான்ஃபிகரேஷன் தப்பும் இதே ரகம். நாலு இடத்தைச் சொல்கிறேன்.

ஒண்ணு, 20 என்ற எண். லிஸ்ட் கேட்டால் ஃப்ரப்பே தானாக 20 பதிவுகள்தான் தரும். அதிலும் பெயர் மட்டும்தான் வரும். வேண்டிய ஃபீல்டுகளையும் எத்தனை வேணும் என்பதையும் நாம்தான் கேட்கணும். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் பட்டறையில் 32 ஏற்றம் நடந்து, ஒவ்வொன்றிலும் 500 விளக்கு என்றால் மொத்தம் 16,000. லிமிட் கொடுக்காமல் எடுத்துக் கூட்டின உங்கள் ஆப் 10,000 என்று காட்டும். எர்ரர் எதுவும் வராது. அதை நம்பி 14,000 விளக்கு ஆர்டரை ஓனர் "அவ்ளோ சரக்கு இல்லீங்க" என்று திருப்பி அனுப்பினால் நஷ்டம் அவருக்கு. டெமோவில் அஞ்சு பதிவு மட்டும் வைத்துக் காட்டும் நமக்கு இது கண்ணிலேயே படாது.

ரெண்டு, ஃபீல்டு வகை. எண்ணிக்கையை அவசரத்தில் டேட்டா வகையில் வைத்தால் ஒருத்தர் "500" என்பார், இன்னொருத்தர் "500 பீஸ்" என்பார். ஆறு மாசம் கழித்துக் கூட்டவே முடியாது.

மூணு, அனுமதி. போஸ்ட்மேனில் 403 வந்து எரிச்சலாகி, கெஸ்ட் ரோலுக்கு ரீட் அனுமதி கொடுத்துவிடுவோம். உடனே வேலை செய்யும். ஆனால் லாகின் இல்லாமல் உலகத்தில் யார் வேணும்னாலும் அந்தப் பட்டறையின் கணக்கைப் படிக்கலாம். கூலியை லெவல் 1-ல் வைத்ததன் காரணமே அந்த லெவலுக்கு அனுமதி உள்ள ரோல் மட்டும் அதைப் பார்க்கணும் என்பதுதான். ஒருத்தருடைய சம்பளம் என்ன என்பது ஊருக்குத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

நாலு, கெட் லிஸ்ட், கெட் ஆல் குழப்பம். ஒயிட்லிஸ்ட் பண்ணின ஃபங்ஷனுக்குள் இரண்டுமே ஒரே வேலை செய்வது போலத் தெரியும். கெட் லிஸ்ட் யூசரின் அனுமதியைச் சரிபார்க்கும். கெட் ஆல் சரிபார்க்காது. முன்வாசலில் நீங்க போட்ட பூட்டையெல்லாம் இந்த ஒரு வார்த்தை பின்வாசல் வழியாகத் திறந்துவிடும். யூசருக்குப் போகும் பதில் என்றால் கெட் லிஸ்ட் போடுங்க.

எப்போ வேண்டாம்?

பதிவு, ஃபார்ம், அனுமதி என்று போகும் வேலைக்கு ஃப்ரப்பே பொருத்தம்: கடை, பட்டறை, ஹாஸ்டல், லேப் ஸ்டாக். வீடியோ ஸ்ட்ரீமிங், நொடிக்கு நொடி டேட்டா கொட்டும் சென்சார், ஒரே ஒரு சின்ன ஏபிஐ மட்டும் வேணும் போன்ற இடங்களில் இது பாரம். மரியாடிபி, ரெடிஸ், நோட் எல்லாம் இன்ஸ்டால் பண்ணணும். விண்டோஸில் நேரா ஓட்டுவது சிரமம். லினக்ஸ் அல்லது டாக்கர் வச்சுக்குங்க.

இன்னொன்று: அந்த நாலு ஃபங்ஷனை ஒரு தடவையாவது கையால் எழுதிப் பார்த்திருக்கணும். அப்போதான் அச்சு என்ன செய்துகொடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று தெரியும். கையால் ஒரு பொம்மை கூடப் பிடிக்காதவர் அச்சு செய்ய மாட்டார்.

இந்த வாரம் செய்ய

பெஞ்ச் டூலை இன்ஸ்டால் பண்ணி, ஒரு சைட், ஒரு ஆப், ஒரே ஒரு டாக்டைப் உருவாக்குங்க. அதில் 25 பதிவு போடுங்க. பிறகு ஏபிஐ வழியா லிஸ்ட் எடுத்து எண்ணிப் பாருங்க. 20 வரும். மீதி 5-ஐக் கொண்டுவந்துட்டீங்கன்னா பாதி ஃப்ரப்பே கத்துக்கிட்டீங்க. அதே ஏபிஐயை லாகின் இல்லாமல் கூப்பிட்டு 403 வருதான்னும் பாருங்க. வந்தால் சந்தோஷப்படுங்க, அச்சில் கீறல் இல்லை!

டைப்பிங் வேலையை ஃப்ரேம்வொர்க் பார்த்துக்கும். இந்த டேட்டா யாருடையது, யார் பார்க்கலாம், எது கட்டாயம் என்ற யோசனை மட்டும் எப்பவும் நம்முடையதுதான். ரிவ்யூவில் சார் கேட்கப்போகும் கேள்வியும் அதுவாத்தான் இருக்கும்.