ஓரியின் அம்பும் ஒரு சிறு பல்லியும்

காரவள்ளியில் மலையேறத் தொடங்கும் பேருந்து, எழுபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிச் சுற்றிக் கடந்து சோளக்காட்டுக்கு வந்து சேர்கிறது. இறங்கியதும் பலாவும் வாழையும் மிளகும் கண்ணில் படும். யானை படுமா? புலி படுமா? படாது. கொல்லிமலையில் இன்று இவ்விரண்டும் இல்லை.

ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இம்மலையை ஆண்ட வல்வில் ஓரியின் வேட்டையை வன்பரணர் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. ஓரி விட்ட ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பின் மேல் போய்த் தைத்ததாம்! ஓர் அம்புக்கு ஐந்து உயிர் என்பது புலவரின் கணக்கு, அதை விட்டுவிடுவோம். அவர் சொன்ன யானையும் புலியும் எங்கே போயின?

தமிழ்நாட்டு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கொல்லிமலை தனித்து நிற்கிறது. பரப்பு ஏறக்குறைய 280 சதுர கிலோமீட்டர்தான். சுற்றிலும் வயல்களும் சாலைகளும் ஊர்களும் நிறைந்த சமவெளி. கடல் நடுவே தீவு இருப்பது போல. ஒரு யானைக்கு நாளொன்றுக்கு 150 கிலோ அளவுக்குத் தீனி வேண்டும். ஒரு புலிக்கு ஆண்டுக்கு ஐம்பது மான்களாவது வேண்டும். சிறிய காட்டில் இவை சிலவே வாழ முடியும். அந்தச் சிலவற்றை வேட்டையோ நோயோ கொண்டுபோனால், வெளியிலிருந்து புதிதாக வந்து சேர வழியில்லை. இத்தகைய தீவுக் காடுகளில் பெரிய உடம்புக்காரர்களே முதலில் மறைகிறார்கள்.

இருந்தாலும் புலி இனம் அழிந்துவிடவில்லை. சத்தியமங்கலம் காட்டில் இன்றும் உறுமிக்கொண்டிருக்கிறது. ஆகவே கொல்லிமலையில் நடந்ததை விஞ்ஞானிகள் வட்டார அழிவு என்கிறார்கள்.

இதைவிடப் பெரிய இழப்பு சிவிங்கியினுடையது. (செய்தித்தாள்களில் இதையும் சிறுத்தை என்றே எழுதிவிடுகிறார்கள். சிறுத்தை வேறு. சிவிங்கியின் கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர்த் தடம் போல ஒரு கறுப்புக் கோடு இறங்கும்.) மன்னர்கள் இதைப் பிடித்துப் பழக்கி வெளிமான் வேட்டைக்குக் கொண்டுபோனார்கள். அக்பர் ஆயிரம் சிவிங்கிகளை வைத்திருந்ததாகச் சொல்வார்கள். ஆனால் அடைபட்ட சிவிங்கி குட்டி போடுவது மிக அரிது. ஒருமுறை அப்படி நடந்ததை ஜஹாங்கீர் ஓர் அதிசயமாகவே குறித்து வைத்தார். அப்படியானால் அரண்மனைக்கு வந்த ஒவ்வொரு சிவிங்கியும் காட்டின் கணக்கில் கழிந்த ஒன்றுதானே? பிறகு துப்பாக்கி வந்தது; புல்வெளிகள் வயல்களாயின; வெளிமான்கள் குறைந்தன. 1947-இல், இன்றைய சத்தீஸ்கரிலுள்ள கொரியா சமஸ்தானத்தின் மன்னர் ஒரே இரவில் மூன்று சிவிங்கிகளைச் சுட்டார். அதன்பின் நம்பத்தக்க சான்று இல்லை. 1952-இல் இந்தியாவில் சிவிங்கி அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

ஆசியச் சிவிங்கிகள் ஈரானில் மட்டும் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்கு வந்த எட்டும் ஆப்பிரிக்க உறவினர்கள். எங்கேனும் மிச்சம் இருந்தால் இப்படிக் கொண்டுவரவாவது முடிகிறது.

மிச்சமே இல்லாதபோது? இலங்கைக்குப் போவோம். அங்குள்ள மழைக்காடுகளில் புதர்த்தவளைகள் பலவகை. இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது; முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை வெளிவரும். ஆனால் ஈரம் வேண்டும், மரநிழல் வேண்டும். தேயிலைக்கும் காப்பிக்கும் மலைக்காடுகள் வெட்டப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிடித்துச் சாராயத்தில் ஊறவைத்த தவளைகள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1990-களில் ரோகன் பெத்தியாகொடவும் அவருடைய குழுவினரும் காடுகளில் தேடியபோது, அதுவரை பெயரிடப்படாத பல இனங்கள் கிடைத்தன. பழைய குப்பிகளில் இருந்த பல இனங்கள் கிடைக்கவில்லை. ஒரே ஒரு குன்றின் சரிவே ஓர் இனத்தின் உலகமாக இருந்தால், அந்தச் சரிவை வெட்டிய கோடரியே அந்த இனத்தையும் வெட்டிவிடுகிறது.

அழிந்தது என்று உறுதி சொல்வதும் எளிதல்ல. 1853-க்குப் பிறகு யாருமே காணாத ஒரு புதர்த்தவளை 2009-இல் சிவனொளிபாத மலைக்காட்டில் உயிரோடு அகப்பட்டது! அதனால்தான் தக்க காலங்களில், தக்க இடங்களில் தேடித் தேடி, கடைசி உயிரும் போய்விட்டது என்பதில் நியாயமான ஐயம் மிஞ்சாதபோது மட்டுமே விஞ்ஞானிகள் ஓர் இனத்தை அழிந்த பட்டியலில் சேர்க்கிறார்கள்.

மறுபடி சோளக்காட்டுக்கு வருவோம். யானை இங்கில்லை என்றால் வேறிடத்தில் உண்டு. ஆனால் இம்மலையில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு ஒரு பல்லி இனத்தை விஞ்ஞானிகள் விவரித்திருக்கிறார்கள். அதற்கு இட்ட பெயர் ஹெமிடாக்டைலஸ் கொல்லியென்சிஸ். கொல்லிமலைக்குரியது என்று பொருள். இத்தகைய சிற்றுயிருக்குச் சத்தியமங்கலம் போல இன்னொரு காடு காத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஓரியின் அம்பு உடும்போடு நின்றுவிட்டது. பல்லியை அன்று யாரும் எண்ணவில்லை. 2019 வரை அதற்கு விஞ்ஞானப் பெயர்கூட இல்லை.