பாதி விலைக்கு சீன பைக்... மீதி வேலை வாங்கியவர் தலையில்!

வீட்டு வாசலில் லாரி வந்து நிற்கிறது. இரும்புக் கூண்டு ஒன்று இறங்குகிறது. பிரித்தால் உள்ளே புத்தம் புது மோட்டார் சைக்கிள்!

ஆனால் உடனே ஏறி உட்கார்ந்து போய்விட முடியாது. முன் சக்கரம் தனி. ஹேண்டில் பார் தனி. பேட்டரி தனி. வாங்கியவரே ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்து மாட்ட வேண்டும்.

இது அமெரிக்காவில் நடக்கும் கூத்து. "ஹாக் 250" என்ற சீன வண்டியை அங்கே பலர் இப்படித்தான் வாங்கினார்கள். தார் ரோட்டிலும் ஓடும். காட்டுப் பாதையிலும் ஓடும். "டூயல் ஸ்போர்ட்" என்று பெயர். இதே ரக 250 சி.சி. ஜப்பான் வண்டியின் விலையில் பாதிகூட ஆகாது.

விலை குறைந்தால் வேறு எதுவோ குறையத்தானே செய்யும்? குறைகிறது. அதைச் சரிக்கட்டுவதே பலருக்குப் பொழுதுபோக்காகி விட்டது. ஒன்றைக் கழற்று, வேறொன்றை மாட்டு, ஓட்டிப் பார், மறுபடியும் கழற்று!

தாத்தா யார் தெரியுமா?

பெயர்தான் 250. உள்ளே இருப்பது 229 சி.சி. என்ஜின். அதன் மேல் "167 எஃப்.எம்.எம்." என்று பொறித்திருக்கும். இது மந்திரம் அல்ல. 1 என்றால் ஒரு சிலிண்டர். 67 என்றால் சிலிண்டரின் உள்விட்டம் 67 மில்லி மீட்டர்.

இந்த என்ஜினுக்கு ஒரு தாத்தா உண்டு. 1976-ல் ஹோண்டா வெளியிட்ட சி.ஜி.125!

ஆயில் மாற்ற மாட்டார்கள். மூட்டை முடிச்சை ஏற்றுவார்கள். மண் ரோட்டில் அடித்து ஓட்டுவார்கள். அப்படிப்பட்ட நாடுகளுக்காகவே ஜப்பான் என்ஜினீயர்கள் யோசித்துச் செய்த வண்டி அது. வால்வை இயக்க கேம் செயின் கிடையாது. "புஷ் ராடு" என்ற கம்பிகள்தான். பாகம் குறைவு, தொல்லையும் குறைவு. பிரேசிலில் ஹோண்டா தொழிற்சாலை திறந்தபோது முதலில் செய்தது இந்த வண்டியைத்தான். பாகிஸ்தான் ரோடுகளிலும் பல பத்தாண்டுகளாக இதே வண்டிதான் ராஜா.

சீனாவில் சோங்கிங் நகரம் மோட்டார் சைக்கிள் தொழிலின் கோட்டை. சோங்ஷென், லிஃபான் கம்பெனிகள் 1992-ல் அங்கே தொடங்கியவை. சோங்ஷென் முதலாளி ஒரு காலத்தில் வண்டி ரிப்பேர் பார்த்தவர். சி.ஜி. அமைப்பை வைத்தே 125, 150, 200, 229 சி.சி. என்று சீனாவில் என்ஜின்கள் குவிந்தன.

எல்லாம் ஒரே குடும்பம். அதனால் ஒன்றின் பாகம் பல இடங்களில் இன்னொன்றுக்கும் பொருந்துகிறது. சல்லிசான வண்டியின் உண்மையான சொத்து இதுதான்.

முதலில் நட்டு போல்ட்டு!

புது வண்டி வந்ததும் பலருக்குக் கை அரிக்கும். "சைலன்சரை மாத்து, சத்தம் தூள் கிளப்பணும்!" என்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் முதலில் தொடுவது சைலன்சரை அல்ல, நட்டு போல்ட்டை!

ஒற்றை சிலிண்டர் வண்டி அதிரும். சரியாக முறுக்காத போல்ட் வழியில் எங்காவது கழன்று விழும். கண்ணாடி போல்ட் விழுந்தால் பரவாயில்லை. பிரேக் போல்ட் விழுந்தால்? உயிருக்கே உலை!

ஆகவே ஒவ்வொன்றாகக் கழற்றி, மரையில் பசை தடவி, திரும்ப முறுக்குகிறார்கள். மட்டமான போல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்ததை மாட்டுகிறார்கள். எண் பெரிதானால் பலமும் அதிகம்.

அடுத்தது ஆயில். பல மாடல்களில் பேப்பர் ஃபில்டர் இல்லை. சின்னக் கம்பி வலை மட்டும்தான். புது என்ஜின் உரசி உதிர்க்கும் இரும்புத் தூள் ஆயிலிலேயே சுற்றும். அதனால் முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்துவிட வேண்டும். டாப்பெட் சரி செய்ய ஸ்பேனரும் ஃபீலர் கேஜும் இருந்தால் போதும்.

ஒரு பல் செய்யும் மாயம்

குறைந்த செலவில் வண்டியின் குணத்தையே மாற்றுவது ஸ்பிராக்கெட்.

பின்னால் 50 பல், முன்னால் 17 பல் என்று வைத்துக்கொள்வோம். முன் ஸ்பிராக்கெட் 2.94 சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று. முன்னால் 16 பல் போட்டால் 3.13 சுற்று. அதாவது மேடு ஏற இழுவை கூடும். ரோட்டில் வேகம் குறையும். முன்னால் ஒரு பல் குறைப்பதும், பின்னால் மூன்று பல் கூட்டுவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

செயினில் உஷார்! 428 என்றால் கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம். 520 என்றால் அரைக்கால் அங்குலம் கூடுதல். செயினை மாற்றினால் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய பல்லில் புதுச் செயின் உட்காராது.

மூச்சுத் திணறும் என்ஜின்

அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாடு கடுமை. அதற்காக பெட்ரோல் குறைவாகப் போகும்படி கார்பரேட்டரை வைத்து, திருகாணியையும் மூடி போட்டு அடைத்து விடுகிறார்கள். விளைவு? காலையில் ஸ்டார்ட் ஆக அடம். ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் "பட் பட்"!

இதற்காகப் பலர் மிக்குனி வி.எம்.26 கார்பரேட்டரைத் தேடிப் போகிறார்கள். ஜெட் மாற்றி, பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறார்கள். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை. கறுப்பாக இருந்தால் அதிகம். பிஸ்கெட் நிறமா? சபாஷ்!

ஆனால் ரோட்டில் ஓடும் வண்டியின் புகைக் கட்டுப்பாட்டு அமைப்பில் கை வைப்பது அங்கே சட்டப்படி குற்றம். கலிபோர்னியாவில் கெடுபிடி இன்னும் அதிகம்.  

எல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. ஒரே குறியுள்ள என்ஜினில்கூட சிலவற்றில் அதிர்வைக் குறைக்கும் பாலன்சர் தண்டு இருக்கும், சிலவற்றில் இருக்காது. மேலே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி தெரியும். உள்ளே அளவு வேறு. பழைய பாகத்தைக் கையில் வைத்து, துளைக்குத் துளை அளந்து பார்க்காமல் வாங்கினால் பணம் போச்சு.

இன்னொரு கணக்கும் உண்டு. கார்பரேட்டர், டயர், ஷாக் அப்சார்பர், சைலன்சர் என்று மாற்றிக்கொண்டே போனால், ஒருநாள் கூட்டிப் பார்க்கும்போது ஜப்பான் வண்டி விலையே வந்து நிற்கும். பாதுகாப்புக்கு வேண்டியதை மாற்றி, மற்றதை உள்ளபடி ஓட்டுபவருக்குத்தான் லாபம்.

பாதி விலைக்கு வாங்கியவர் மீதியை உழைப்பாகக் கட்டுகிறார். ஆனால் நடுக்காட்டில் வண்டி நின்றால் அவர் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். எந்த போல்ட், எந்த ஜெட் என்று அவர் கைக்கே தெரியும்!